பனியன் தேறுகிறது, தாள் தோற்கிறது!

கையெழுத்தாகிவிட்டது! கை குலுக்கியாகிவிட்டது! படமும் பிடித்தாகிவிட்டது! "இனி வரி இல்லை, வாசல் திறந்துவிட்டது, சரக்கை ஏற்றுங்கள்" என்று மந்திரிகள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். ஒரு வாசலா திறந்தது? வரிசையாக அல்லவா திறந்திருக்கிறது!

2022 மே 1 முதல் ஐக்கிய அரபு நாடுகளுடன் செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் ஆஸ்திரேலிய ஒப்பந்தம் வந்தது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டீன் ஆகிய நான்கு நாடுகளின் ஒப்பந்தம் நடைமுறையாயிற்று. 2007-இல் தொடங்கி, 2013-இல் படுத்து, 2022-இல் எழுந்து உட்கார்ந்த ஐரோப்பிய யூனியன் பேச்சும் 2026 ஜனவரி 27 அன்று முடிந்ததாக அறிவித்தார்கள்.

வாசல் திறப்பதை வேண்டாமென்று சொல்ல நாம் பித்தர்களல்ல. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்கின் மீது நூற்றுக்கு 50 என்று வரியைத் தூக்கி வைத்தபோது திருப்பூர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரே சந்தையை நம்பியிருந்தவன் ஒரே இரவில் தெருவில் நிற்பான் என்பதை அன்று கண்டோம். ஆகவே லண்டனுக்கும் பாரிசுக்கும் வழி திறந்தால் வரவேற்கத்தான் வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஆயத்த ஆடைக்கு நூற்றுக்கு 12 வரை வரி. அந்தப் பன்னிரண்டு போனால் பின்னலாடைக்குப் பெரும் பலம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒரு கேள்வி. வரி நீங்குவது எதற்கு? பனியனுக்கா?

இல்லை, தோழர்களே! வரி நீங்குவது பனியனுக்கல்ல. "இந்தப் பனியன் இந்தியாவில் பிறந்தது" என்று மெய்ப்பிக்கும் தாளுக்கு! தாள் இருந்தால் வரி பூஜ்யம். தாள் இல்லையென்றால், அதே நூல், அதே துணி, அதே தையல், அதே தொழிலாளியின் வியர்வை, எல்லாம் இருந்தும் நூற்றுக்குப் பன்னிரண்டைக் கட்டு!

மேடையில் இதைச் சொன்னார்களா? சொல்லவில்லை. ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறப்பைக் கேட்பது ஏன்?

மனிதனிடம் பிறப்பைக் கேட்பது மடமை. அதை எதிர்த்துப் போராடிய மண் இது. ஆனால் சரக்கிடம் பிறப்பைக் கேட்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 1887-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. ஜெர்மானியச் சரக்கு ஆங்கிலச் சரக்கைப் போல வேடமிட்டு வருகிறது, ஆகவே எந்த நாட்டில் செய்தது என்று பொறித்துக்கொண்டு வா என்றார்கள். முத்திரை குத்தினால் அவமானப்படும், யாரும் வாங்கமாட்டார்கள் என்று எண்ணினார்கள். நடந்ததோ வேறு! ஜெர்மனியில் செய்தது என்ற முத்திரையே நாளடைவில் தரத்துக்கு அடையாளமாயிற்று. அது பழைய கதை.

இன்று பிறப்பைக் கேட்பதற்குக் காரணம் வேறு. இரண்டு நாடுகள் தமக்குள் வரியை நீக்கிக்கொள்கின்றன. மூன்றாவது நாட்டுக்காரன் சும்மா இருப்பானா? தன் சரக்கை இரண்டில் ஒரு நாட்டில் இறக்கி, அட்டைப் பெட்டியை மாற்றி, அங்கேயே செய்ததுபோல் மற்ற நாட்டுக்குள் நுழைப்பான். நாம் கண்ணாரக் கண்டதே உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், தென் கொரியாவிலிருந்து தங்க நாணயங்கள் குவியத் தொடங்கின. கொரியாவுடன் 2010 முதல் ஒப்பந்தம் உண்டு. அதன்படி தங்கத்துக்குச் சுங்கவரி இல்லை. தங்கம் தோண்டும் நாடா கொரியா? ஊரறியும், இல்லையென்று! தங்கம் எங்கேயோ பிறந்தது. வழி மட்டும் கொரியா வழி. அந்த ஆகஸ்ட் மாதமே மத்திய சர்க்கார் அவசர அவசரமாக ஆணை போட்டு அந்த வழியை அடைத்தது.

ஆகவே, பிறப்பிட விதி என்பது வேண்டாத விதியல்ல. அது இல்லையென்றால் ஒப்பந்தமே ஓட்டைப் பானை. நம் வழக்கு விதியோடு அல்ல. அந்த விதியின் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்பதே நம் வழக்கு.

எண் மாறினால் குலம் மாறும்!

பிறப்பை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? வயலில் விளைந்த மிளகு, கடலில் பிடித்த மீன், மண்ணில் தோண்டிய கல், இவற்றில் சிக்கலில்லை. எங்கே விளைந்ததோ அங்கே பிறந்தது. சிக்கலெல்லாம் பல நாட்டுப் பொருள் சேர்ந்து ஒரு பொருளாவதில்தான். நூல் ஒரு நாடு, துணி ஒரு நாடு, பொத்தான் ஒரு நாடு, தையல் ஒரு நாடு என்றால் சட்டை எந்த நாடு?

இதற்கு மூன்று உரைகல் வைத்திருக்கிறார்கள்.

முதல் உரைகல், எண். 1988 முதல் உலகச் சரக்குகளுக்கெல்லாம் ஒரே வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். எந்த நாட்டிலும் முதல் ஆறு இலக்கம் ஒன்றே. அந்தக் கணக்கில் பஞ்சு 5201. பருத்தி நூல் 5205. பின்னிய துணி 60-ஆம் அத்தியாயம். பனியனும் டி-சர்ட்டும் 6109. அயல்நாட்டுப் பொருள் ஒரு தலைப்பிலே உள்ளே வந்து, வேறு தலைப்பிலே வெளியே போனால், இங்கே உண்மையான வேலை நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பனியனை வாங்கிப் படம் அச்சடித்து அனுப்பினால் எண் மாறாது. 6109 வந்தது, 6109 போனது, ஆகவே சலுகை இல்லை.

இரண்டாம் உரைகல், மதிப்பு. விற்ற விலையில் அயல்நாட்டுப் பொருளின் விலையைக் கழி; மிச்சம் நூற்றுக்கு எவ்வளவு என்று பார். தெற்காசிய ஒப்பந்தத்தில் அது பொதுவாக 40, இலங்கைக்கு 35, வங்கதேசம் போன்ற பின்தங்கிய நாடுகளுக்கு 30. ஆசியான் ஒப்பந்தத்தில் 35-உம் வேண்டும், ஆறு இலக்க எண்ணும் மாறவேண்டும்.

மூன்றாம் உரைகல், வேலை. இன்ன இன்ன வேலை இந்த நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். ஆடைக்கு இதுதான் பெரிய உரைகல். 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க ஒப்பந்தம், நூலிலிருந்தே வேலை தங்கள் மூன்று நாடுகளுக்குள் நடக்கவேண்டும் என்றது. 2020 ஆகஸ்டில் வியட்நாமுக்குச் சலுகை கொடுத்த ஐரோப்பிய யூனியன், துணியிலிருந்து தொடங்கு என்றது. வியட்நாமில் நெய்த துணி வேண்டும், இல்லையேல் கொரியத் துணி வேண்டும், சீனத் துணியை வெட்டித் தைத்துவிட்டு வரக்கூடாது என்றது. ஆனால் அதே ஐரோப்பா, 2011 முதல் வங்கதேசம் போன்ற ஏழை நாடுகளுக்கு மட்டும், துணி எங்கிருந்து வந்தாலும் சரி, வெட்டித் தைத்தால் போதும் என்று இரக்கம் காட்டியது.

நாட்டுக்கு ஒரு விதி, சரக்குக்கு ஒரு விதி, ஒப்பந்தத்துக்கு ஒரு விதி! பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி இந்த நிலையை 1995-இலேயே இத்தாலியர் உண்ணும் மாவு இழைப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் வீட்டுச் சமையலறையிலேயே உவமை இருக்கிறது: இடியாப்பச் சிக்கல்!

பேரம் பேசினால் பிறப்பும் மாறும்

மதிப்புக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்பதைவிட வேதனை என்பதே பொருத்தம். ஓர் ஆடை 300 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிநாட்டுச் செயற்கை இழைத் துணி, ஜிப், நாடா எல்லாம் சேர்ந்து 175 ரூபாய். மிச்சம் 125. நூற்றுக்கு 41-க்கு மேல். 40 கேட்கும் ஒப்பந்தத்தில் ஆடை தேறிவிட்டது, இந்தியப் பிறப்பு!

வெளிநாட்டு வியாபாரி வருகிறார். "விலை அதிகம், பதினைந்து ரூபாய் குறை" என்கிறார். ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில் இவரும் குறைக்கிறார். விலை 285. அயல்நாட்டுப் பொருள் அதே 175. மிச்சம் 110. நூற்றுக்கு 38-ஐச் சொச்சம். ஆடை தேறவில்லை!

துணி மாறியதா? இல்லை. தையல் மாறியதா? இல்லை. தொழிலாளி மாறினாரா? இல்லை. விலையில் பதினைந்து ரூபாய் குறைந்தது. ஆடையின் நாடே மாறிவிட்டது! இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பேரத்துக்குத் தலையாட்டியவர், பதினைந்தையும் இழந்தார், சலுகையையும் இழந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டிலே இல்லாத சுரைக்காயைக் கறிக்கு நறுக்கவே விடமாட்டார்கள்!

திருப்பூரின் பலமும் பலவீனமும்

இனி விஷயத்தின் இதயத்துக்கு வருவோம்.

பருத்தி பனியனைப் பொறுத்தவரை, உலகத்தில் எந்த உரைகல்லைக் கொண்டுவந்து உரைத்தாலும் திருப்பூர் தங்கம் பத்தரைமாற்று. கோவை வட்டார ஆலைகளிலே நூல் நூற்கப்படுகிறது. திருப்பூரிலே பின்னப்படுகிறது. அங்கேயே சாயம், அங்கேயே காம்பேக்டிங், அங்கேயே பிரிண்டிங், அங்கேயே வெட்டல், தையல், அயர்ன், பேக்கிங். நூலிலிருந்து தொடங்கு என்றாலும் தேறும். துணியிலிருந்து தொடங்கு என்றாலும் தேறும். வெட்டித் தைத்தால் போதும் என்றால் கேட்கவே வேண்டாம். பிற நாடுகள் ஏங்கும் செல்வம் இது. வியட்நாம் துணிக்கு அயல்நாட்டை எதிர்பார்க்கிறது. வங்கதேசம் பஞ்சுக்கும் நூலுக்கும் அயல்நாட்டை எதிர்பார்க்கிறது. நமக்கோ ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள் எல்லாம் இருக்கிறது.

ஆனால் எப்படி இருக்கிறது? ஒரே கூரையின் கீழா? இல்லை! நூல் வாங்கியவர் ஒருவர். பின்னிக் கொடுத்தவர் ஒரு நிட்டிங் யூனிட்காரர். சாயம் போட்டது ஒரு டையிங். அச்சடித்தது வேறொரு தெரு. எம்பிராய்டரி இன்னொரு சந்து. அவசர ஆர்டர் என்றால் தையலில் பாதி வெளியே ஜாப் ஒர்க். ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஏழெட்டு வாசற்படி ஏறி இறங்குகிறது. அந்த வாசற்படிகள்தான் திருப்பூரை வளர்த்தன. நேற்று டேபிளில் உட்கார்ந்து தைத்தவர் இன்று நான்கு மெஷின் போட்டு முதலாளியானதும் அந்த வாசற்படிகளால்தான்.

இப்போது தாள் கேட்கிறார்கள். "இந்தத் துணி எந்த நூலிலே பின்னியது? நூல் வாங்கிய பில் எங்கே? பின்னுவதற்கு அனுப்பிய டெலிவரி சலான் எங்கே? எத்தனை கிலோ போயிற்று, எத்தனை கிலோ வந்தது, சேதாரம் எவ்வளவு? சாயத்துக்குப் போன லாட் எண் என்ன? தைத்த ஜாப் ஒர்க்காரர் யார்? ஐந்தாண்டு கழித்துக் கேட்டாலும் காட்டமுடியுமா?"

பஞ்சு நூற்பது முதல் பெட்டி கட்டுவது வரை ஒரே மதிலுக்குள் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது ஒரு பித்தானை அமுக்கும் வேலை. கம்ப்யூட்டரிலிருந்து தாள் உதிரும். ஏழு வாசற்படி ஏறி இறங்கும் சிறு கம்பெனிக்கோ, ஏழு பேரின் டைரியையும் ஏழு பேரின் ஞாபகத்தையும் தேடி அலையும் வேலை. அவருடைய பனியன் பெரிய ஆலையின் பனியனுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பிறப்பிலே அது சுத்தம். ஆனால் மெய்ப்பிக்க வழியில்லை.

பனியன் தேறுகிறது, தாள் தோற்கிறது!

இதன் விளைவு என்ன? லண்டனில் உட்கார்ந்து ஆர்டர் கொடுப்பவர் யோசிப்பார். தாளில் தவறு வந்தால் தானல்லவா வரி கட்டவேண்டும்! எதற்கு வம்பு, பெரிய ஆலைக்கே கொடுத்துவிடுவோம் என்பார். ஒப்பந்தம் வந்ததால் ஊருக்கு ஆர்டர் கூடும். சிறு கம்பெனிக்கு ஆர்டர் குறையும். ஊர் வாழும், உறவு சாகும். எவர் பெயரைச் சொல்லி ஒப்பந்தத்தைக் கொண்டாடினார்களோ, அவரே வாசலுக்கு வெளியே நிற்பார்.

தானே எழுதிக்கொள்வது வரமா?

முன்பெல்லாம் சர்க்கார் அதிகாரம் கொடுத்த ஏஜென்சி பிறப்பிடச் சான்றிதழ் கொடுக்கும். முத்திரை அவர்களுடையது, கையெழுத்து அவர்களுடையது. இப்போது புதிய ஒப்பந்தங்கள் வேறு வழியும் காட்டுகின்றன. ஏற்றுமதி செய்பவரே "இது இந்தியப் பிறப்பு" என்று எழுதிக் கையெழுத்திடலாம். பிரிட்டன் ஒப்பந்தத்தில் இந்த வழி இருக்கிறது. 2025-இல் நம் சுங்கச் சட்டத்திலும், பிறப்பிடச் சான்றிதழ் என்றிருந்த இடத்தில் பிறப்பிட ஆதாரம் என்று விரித்து எழுதிவிட்டார்கள்.

கேட்பதற்கு இனிமை. ஆபீசுக்கு அலையவேண்டாம், கட்டணம் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: முத்திரை ஆபீசிலிருந்து உங்கள் கைக்கு வந்தபோதே, பழியும் ஆபீசிலிருந்து உங்கள் தலைக்கு வந்துவிட்டது. முன்பு சரிபார்த்தவர் ஓர் அதிகாரி. இனிச் சரிபார்க்க யாருமில்லை. சரக்குப் போய், பணம் வந்து, எல்லாம் மறந்த பிறகு அந்த நாட்டுச் சுங்க இலாகா கடிதம் போடும்: ஆதாரம் காட்டு என்று. ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுக்கு 12 என்றால் பன்னிரண்டு லட்சம். இறக்குமதி செய்தவர் கட்டுவார். கட்டிவிட்டு, நீ எழுதிக் கொடுத்ததை நம்பித்தானே சலுகை கேட்டேன் என்று இவர் கழுத்தைப் பிடிப்பார். அந்தச் சரக்கில் இவர் கண்ட இலாபமே பன்னிரண்டு லட்சம் இருக்குமா என்பதை ஏற்றுமதி செய்பவர்களே சொல்லட்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மிச்சமாகும் பன்னிரண்டு யார் பைக்குப் போகிறது? வரி கட்டவேண்டியவர் இறக்குமதிக்காரர். ஆகவே மிச்சம் அவருடையது. தாள் சேர்க்கும் பாடு நம்முடையது, தவறினால் தண்டம் நம்முடையது, வரவு மட்டும் அவருடையதா? சலுகைக்கான தாளைக் கொடுக்கும்போதே, அந்தச் சலுகையில் எனக்கும் பங்கு வேண்டும் என்று விலையிலே கேட்க வேண்டும். தாள் என்பது இனாமாகக் கொடுக்கும் காகிதமல்ல. அதுவும் ஒரு சரக்கு!

கொழும்பு வழி ஒரு முள்

நம் தென்னாட்டுக்கென்றே ஒரு முள் உண்டு. தூத்துக்குடியிலிருந்து புறப்படும் கண்டெய்னர்களில் பல, கொழும்பிலே இறங்கி, பெரிய கப்பலிலே ஏறித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றன. சரக்கு நேரே வரவேண்டும் என்பது பல ஒப்பந்தங்களின் விதி. வழியில் கப்பல் மாறலாம். ஆனால் அங்கே சுங்கத்தின் கண்காணிப்பிலேயே இருக்கவேண்டும். இறக்கி ஏற்றுவதற்கும், கெடாமல் காப்பதற்கும் மேலாக எதுவும் செய்யக்கூடாது. புறப்பட்ட துறைமுகம் முதல் சேரும் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் இருந்தால் கவலை குறைவு. அதை இரண்டாக உடைத்து எழுதிவிட்டால், திருப்பூரில் பிறந்த பனியன் கொழும்புத் துறையில் பிறப்பை இழந்துவிடும். கிளியரிங் ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவரோ கப்பல் கிடைத்தால் போதும் என்று பார்க்கிறார். சலுகையைப் பார்ப்பவர் யார்?

அங்கே தளர்த்து, இங்கே இறுக்கு!

இனி, கசப்பான ஓர் உண்மையையும் பேசிவிடுவோம். விதி என்பது மதில். மதிலுக்கு இரண்டு பக்கம் உண்டு.

வங்கதேசத்து ஆடைகளுக்கு 2011 முதல் நாம் வரியை நீக்கியிருக்கிறோம். சீனத் துணியை வாங்கி டாக்காவில் வெட்டித் தைத்து, வரியில்லாமல் நம் சந்தையில் இறக்குகிறார்கள் என்று உள்நாட்டுப் பனியன் வியாபாரிகள் பல்லாண்டாகக் குமுறுகிறார்கள். 2025 மே மாதம், அந்த ஆடைகள் கொல்கத்தா, நவசேவா என்ற இரண்டு துறைமுகங்களின் வழியே மட்டும்தான் வரலாம் என்று மத்திய சர்க்கார் ஆணை போட்டது.

இலங்கையோடு 2000 மார்ச் முதல் ஒப்பந்தம் நடக்கிறது. அந்த வழியில் வனஸ்பதி வந்து குவிந்தது. பாமாயிலோ பிற நாட்டுச் சரக்கு. கடைந்தது மட்டும் இலங்கை. கடைசியில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு கட்டவேண்டி வந்தது. மிளகு கதை இன்னும் கொடுமை. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றோடு வருகிறது, எங்கள் கொடி வாடுகிறது என்று குடகிலும் கேரளத்திலும் மிளகு விவசாயிகள் கதறினார்கள். 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு உள்ளே வரக்கூடாது என்று விலை மதில் கட்டினார்கள். 2020 செப்டம்பர் 21 முதல் நம் சுங்க இலாகாவும் இறக்குமதிக்காரர்களைப் பார்த்து, சான்றிதழ் மட்டும் போதாது, சரக்கு எப்படி உண்டாயிற்று என்ற விவரத்தையும் வைத்திரு, ஐந்தாண்டு பத்திரப்படுத்து என்று கேட்கத் தொடங்கியது.

நாம் கேட்பது நியாயமென்றால், லண்டன்காரர் கேட்பதும் நியாயமே. மிளகுக்கொடியைக் காக்க இங்கே விதியை இறுக்கு என்றும், பனியனை விற்க அங்கே விதியைத் தளர்த்து என்றும் ஒரே வாயால் சொல்ல முடியாது. ஆகவே நம் கோரிக்கை, தாளை ஒழித்துவிடு என்பதல்ல. தாளை ஏழைக்கும் எட்டுகிற உயரத்தில் வை என்பதே!

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, தமிழில் சொல்லுங்கள்! நூற்றுக்கணக்கான பக்கத்தில், வக்கீலுக்கும் வியர்க்கும் ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தை எழுதிவைத்துவிட்டு, "இணையத்தில் இருக்கிறது, படித்துக்கொள்" என்றால் அது ஆட்சியா, ஏளனமா? 6109 என்ற தலைப்புக்கு எந்த ஒப்பந்தத்தில் எந்த விதி என்பதை இரண்டே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு பனியன் கம்பெனிக்கும் கொடுக்க முடியாதா?

இரண்டாவது, திருப்பூரிலேயே ஓர் உதவி மேடை வேண்டும். தண்டிக்க அல்ல, பார்த்துத் திருத்த. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினால், "இந்தச் சலான் குறைகிறது, இந்த எண் தவறு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சுங்க இலாகா, இந்தச் சரக்கின் பிறப்பு இது என்று முன்கூட்டியே முடிவு எழுதித் தருகிறது. அது மூன்றாண்டு செல்லும். வாங்குபவர் மூலம் அதைப் பெற்றுவிட்டால் பின்னால் வழக்கில்லை. பெரிய ஆலைகளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். சிறியவருக்குச் சர்க்கார்தான் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஜாப் ஒர்க் யூனிட்களுக்கெல்லாம் ஒரே மாதிரி எளிய பதிவேடு ஒன்றைச் சங்கங்களே வகுக்கட்டும். வந்த கிலோ, போன கிலோ, சேதாரம், லாட் எண், தேதி: ஐந்தே கட்டம். ஜி.எஸ்.டி.க்காக எழுதும் சலானிலேயே இதில் பாதி இருக்கிறது. மிச்சப் பாதியை எழுதினால் அதுவே பிறப்பு ஆதாரம். இரண்டு முறை எழுத வைக்காதீர்கள்.

நான்காவது, நல்லெண்ணத்தோடு தவறியவனையும், திட்டமிட்டு ஏமாற்றியவனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். சிறு எழுத்துப் பிழையால் சான்று செல்லாமற் போகாது என்று பல ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கிறது. சரக்குப் போன பிறகும் ஓராண்டுக்குள் சான்று பெறும் வழி சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. இந்த உரிமைகள் இருப்பதே தெரியாமல், ஒரு எண் தவறியதற்காகச் சலுகையைக் கைவிடுகிறவர்கள் எத்தனை பேர்! உரிமையைத் தெரியவைப்பதும் ஆட்சியின் கடமைதான்.

தொழில் நடத்துவோருக்கும் ஒரு சொல். "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். விலை பேசுவதற்கு முன்னால் பிறப்புக் கணக்கைப் போடுங்கள். எண் என்ன, விதி என்ன, அயல்நாட்டுப் பொருள் எவ்வளவு, கப்பல் எந்த வழி என்று நான்கு கேள்வியை ஆர்டர் எடுக்கும் அன்றே கேட்டுவிடுங்கள். சரக்குப் போன பிறகு தேடும் தாள், வெள்ளம் வந்த பிறகு கட்டும் அணை.

பவர் டேபிளில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு இந்த எண்களும் விதிகளும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் எங்கேயோ ஓர் ஆபீசில் ஒரு தாள் குறைந்தால், அடுத்த மாதம் அவருடைய மெஷின் நிற்கும். அவருக்கு ஷிப்ட் இல்லை என்பார்கள். ஏன் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒப்பந்தம் போட்டவர்கள் படத்தை மாட்டிக்கொள்ளட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் வாசலைத் திறந்துவிட்டோம் என்று முழங்குகிறவர்கள், சாவியைச் சின்னவன் கைக்கும் எட்டும்படி வைத்தார்களா என்பதை நாடு கேட்கும். திருப்பூர் பனியன் இந்தியாவில்தான் பிறந்தது. அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அதைத் தைத்தவனுக்கு மட்டுமல்ல. அந்தப் பெருமையில் பங்கு கேட்கும் ஆட்சிக்கும் உண்டு!